கொண்டாவிலில் ஒரு லப்டொப், ஒரு ஹெட்போன்: இலத்திரனியல் இசையை எங்கே தொடங்குவது?

தங்கச்சி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை கொண்டாவில் வீட்டில் நிற்கிறீர்கள். 8 ஜிபி றாம் உள்ள லப்டொப் இருக்கிறது, கீபோட் இல்லை. சின்ன வயதிலிருந்து வாய்ப்பாட்டுப் படித்து, வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் நாலாம் தரம் வரை எடுத்திருக்கிறீர்கள். இப்போது இலத்திரனியல் இசை செய்யவேண்டும், செய்ததை மேடையில் வாசிக்கவும் வேண்டும். மென்பொருளில் எஃப்எல் ஸ்ரூடியோவா, எபிள்டனா? படித்த சங்கீதம் உதவுமா, அல்லது அதை மறந்தால்தான் சரிவருமா? ‘இதென்ன தொழில்’ என்று கேட்கிற அம்மாவுக்கு என்ன சொல்வது? இடையில் போகிற போக்கில் ‘இங்கே சொல்லித்தர ஆக்கள் இல்லை’ என்றும் ஒரு வசனம் எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்த வசனத்துக்குள்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. குரு பக்கத்தில் இல்லாமல் இதைப் பிடிக்க ஏலுமா? ஏலும். மென்பொருள் பழகுவது ஒன்றிரண்டு மாத வேலை. ஒரு துண்டைத் தொடங்கி முடிக்கப் பழகுவதும், அது ஹெட்போனுக்கு வெளியேயும் கேட்கக்கூடியதாக இருக்கச் செய்வதும்தான் ஆளை வருடக்கணக்கில் மினக்கெடுத்தும்.

நான் யார் என்றும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் சொல்வதற்கு எவ்வளவு நிறை போடுவது என்று உங்களுக்குத் தெரியாது. கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டு வளர்ந்தவன். பிறகு ஒரு கோஷ்டியில் ஒக்டபாட் வாசித்தேன், ஓர்கன்காரர் வராத நாளில் ஓர்கனும். இருபது வருடத்துக்குக் கிட்ட கோக்குவிலில் ஒரு சின்ன அறையில் கொம்பியூட்டரோடு இருக்கிறேன். பக்திப் பாடல், குறும்படப் பின்னணி, நாட்டிய நாடகம் என்று வந்ததெல்லாம் செய்திருக்கிறேன். கிளப்பில் விடிய விடிய டிஜே செய்த ஆள் இல்லை. அதனால் இரண்டு பாட்டை ஒட்டி ஓட்டுகிற அந்த டிஜே வித்தையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். சொந்தமாக இசை செய்வதையும், அதைக் கையால் மேடையில் வாசிப்பதையும் பற்றித்தான் சொல்லலாம்.

மென்பொருளை முதலில் முடித்துவிடுவோம். எஃப்எல் ஸ்ரூடியோ பெல்ஜியத்துச் சரக்கு. 1997 இல் ஃபுரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் தாளக்கட்டம் போடுகிற சின்ன மென்பொருளாக வந்தது. கட்டம் கட்டமாகத் தாளம் போட அதைவிட லேசான இடம் இன்றைக்கும் குறைவு. ஒருதரம் வாங்கினால் பிறகு வருகிற பதிப்புகளுக்குக் காசு கேட்பதில்லை. சோதனைப் பதிப்புக்குக் கால எல்லை இல்லை. ஆனால் சேமித்து வைத்ததை வாங்கும்வரை திரும்பத் திறக்க ஏலாது, இதைத் தெரியாமல் இருந்து அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். எபிள்டன் லைவ் 2001 இல் பேர்லினில் வந்தது. அதைத் தொடங்கியவர்களில் கேர்ஹார்ட் பேலஸும், அதை உருவாக்கியதில் கூட நின்ற ரொபேர்ட் ஹெங்கேயும் மொனோலேக் என்ற பெயரில் சேர்ந்து இசை செய்தவர்கள். மேடையில் நின்றவனின் தேவையிலிருந்து பிறந்த மென்பொருள் என்பது அதன் முகத்திலேயே தெரியும்: சின்னச் சின்னத் துண்டுகளைப் பெட்டி பெட்டியாக வைத்து, எதை அழுத்தினாலும் அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில், அதாவது முதல் அடியில்தான் அது எடுக்கும். கை கொஞ்சம் முந்தினாலும் தாளம் பிசகாது. ரீப்பர் 60 நாள் முழுமையாகப் பாவிக்க விடும், தனியாளுக்கான உரிமம் 60 டொலர். ஒலிப்பதிவுக்கு என் கைப்பழக்கம் அதுதான், ஆனால் மேடைக்கென்று செய்யப்பட்டதில்லை. எல்எம்எம்எஸ் இலவசம், குரல் பதிவு செய்ய உதவாது.

நீங்கள் மேடை என்று சொல்வதால் லைவ் பக்கம் போங்கள் என்பேன். 30 நாள் சோதனைக் காலத்தை, கைக்கு நேரமுள்ள மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள்; நாளைக்கே இறக்கிவிட்டு ஒரு கிழமை கலியாண வீடு, ஒரு கிழமை காய்ச்சல் என்று கழிக்காதீர்கள். பிறகு காசு சேர்ந்து 25 கட்டை உள்ள சின்ன மிடி கீபோட் (தானாகச் சத்தம் தராது, எந்தக் கட்டையை அழுத்தினீர்கள் என்று கொம்பியூட்டருக்குச் சொல்லும்) வாங்கும்போது, பெட்டிக்குள் லைவ் லைற் உரிமம் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். கன கீபோட்டுகளோடு அது வரும். தடங்களின் (ஒவ்வொரு ஒலியும் தனித்தனியாக ஓடுகிற வரிசைகளின்) எண்ணிக்கை குறைவுதான், ஆனால் முதல் வருடத்துக்குக் குறைவு நல்லது. வெளிநாட்டில் இருக்கிற மாமா சித்தப்பா யாராவது ‘என்ன வேணும்’ என்று கேட்டால், பெரிய ஓர்கன் கேட்காமல் இதைக் கேளுங்கள். அதுவரை லப்டொப்பின் எழுத்துக் கட்டைகளையே சுரக்கட்டைகளாக வாசிக்கலாம், எல்லா மென்பொருளிலும் அந்த வசதி இருக்கிறது.

பென்னில் போட்டுத் தருகிற உடைத்த பதிப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நானும் அதில்தான் தொடங்கினேன், உத்தமன் வேஷம் போடமாட்டேன். ஒரு நாட்டிய நாடகத்துக்கு மூன்று மாதம் செய்த வேலை, அரங்கேற்றத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, உடைத்த பிளகின் ஒன்றோடு வந்த வைரஸால் முழுக்கப் போனது. திரும்பச் செய்து கொடுத்தேன், ஆனால் அந்த ஒன்பது நாளும் நித்திரை இல்லை. இப்போது அதற்குத் தேவையும் இல்லை. வைட்டல் என்ற சின்தின் (கொம்பியூட்டருக்குள் ஒலியை உண்டாக்குகிற கருவியின்) அடிப்படைப் பதிப்பு இலவசம், சேர்ஜ் எக்ஸ்டி முழுக்க இலவசம். இந்த இரண்டுக்குள்ளும் இருப்பதைத் தீர்த்துவிட்டேன் என்று சொல்கிற ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

லப்டொப்பில் முதலில் சந்திக்கிற பிரச்சினை தாமதம். கட்டையை அழுத்தினால் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். கன பேர் ‘என் கைக்குத் தாளம் வரவில்லை’ என்று இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். பிழை கையில் இல்லை. கொம்பியூட்டர் ஒலியைத் துளித்துளியாகச் சேர்த்து, ஒரு வாளி (மென்பொருளில் இதற்குப் பெயர் பஃபர்) நிரம்பியபிறகுதான் வெளியே ஊற்றும். வினாடிக்கு 44,100 துளி; வாளி 1024 துளி கொண்டதாக இருந்தால் அது நிரம்பவே 23 மில்லிசெக்கன் போகும். ஒலி அந்த நேரத்தில் காற்றில் 8 மீற்றர் போய்விடும், அதாவது முற்றத்தின் அந்தத் தொங்கலில் இருக்கிற மிருதங்கத்தை இங்கே இருந்து வாசிப்பது மாதிரி. வாளியை 256 ஆக்கினால் 6 மில்லிசெக்கனுக்குள் வந்துவிடும், கைக்கு உறைக்காது. இதற்கு ஏசியோ வகை டிரைவர் (ஒலியைச் சுற்றுவழி இல்லாமல் நேரே வெளியே அனுப்புகிற சின்ன மென்பொருள்) ஒன்று போடவேண்டும். வாளி சின்னனானால் மெஷினுக்கு வேலை கூட, படபடவென்று வெடிக்கத் தொடங்கினால் ஒரு படி கூட்டுங்கள். 8 ஜிபி தாராளம், ஆனால் தடங்கள் கூடும்போது முடிந்த தடத்தை உறைய வைக்கப் பழகுங்கள். அந்த வசதி லைவ் லைற்றில் இல்லாவிட்டால் தடத்தை ஒலிக்கோப்பாக மாற்றி வைத்தால் அதே பலன்.

அடுத்தது ஒலி எப்படி உண்டாகிறது என்பது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று பிறந்து முதல் கேட்கிற இலத்திரனியல் இசை எது என்று யோசித்திருக்கிறீர்களா? ஒழுங்கையில் வருகிற பாண் வண்டி. பீத்தோவன் 1810 அளவில் பியானோவுக்கு எழுதியதை ஒரு சின்னச் சில்லு நாள் முழுக்கக் கீச்சிடுகிறது. அந்தக் கீச்சு ஏன் பியானோ மாதிரி இல்லை? அப்படியான சில்லுகள் பெரும்பாலும் தருவது சதுர அலை: ஒன்றில் முழுக்க மேலே, அல்லது முழுக்கக் கீழே, நடுவில் ஒன்றும் இல்லை. அதில் உபசுரங்களில் (சுரத்தோடு சேர்ந்து மெல்லமாக ஒலிக்கிற மேல் சுரங்களில்) ஒற்றைப்படையானவை மட்டும்தான் இருக்கும், அதனால் குழாய்க்குள் இருந்து வருவது மாதிரி உள்ளே வெறுமையாகக் கேட்கும். வைட்டலைத் திறந்து வெறும் ஒலியில் வைத்து சதுர அலையைப் போட்டு அந்த மெட்டின் முதல் ஐந்தாறு சுரத்தை வாசித்துப் பாருங்கள், பாண்காரர் வந்துவிட்டார் என்று அம்மா காசோடு வெளியே வந்தாலும் வருவா. பிறகு அதே சுரத்துக்கு வாள்பல் அலையைப் போடுங்கள். எல்லா உபசுரமும் இருப்பதால் நாதஸ்வரம் மாதிரிக் கரகரக்கும். இனி மேல் உபசுரங்களை வெட்டுகிற பில்டரை மெல்ல மெல்ல மூடுங்கள். வாயைத் திறந்து ‘ஆ’ சொல்லிக்கொண்டு வந்து ‘ஊ’ வுக்குப் போவது மாதிரி இருக்கும். கடைசியாக, சத்தம் எவ்வளவு கெதியாக எழும்பி எவ்வளவு ஆறுதலாக அடங்குகிறது என்பதை மாற்றுங்கள். அதே அலை ஒருதரம் வீணைத் தட்டாகவும் இன்னொருதரம் சுருதிப்பெட்டியாகவும் மாறும். அலை, பில்டர், எழும்புதல் அடங்குதல், இவற்றை மெல்ல ஆட்டுகிற ஒரு கை, இந்த நாலையும் ஒரு மாதம் பிசைந்தால் நீங்கள் கேட்கிற இலத்திரனியல் ஒலிகளில் பாதிக்கு மேல் எப்படிச் செய்யப்பட்டது என்று காதே சொல்லும். ஆயத்தமாக வருகிற ஒலிகளை அந்த ஒரு மாதம் தொடாதீர்கள்.

இனி உங்கள் சங்கீதத்துக்கு வருவோம். மறந்துவிட்டுத் தொடங்கச் சொல்கிறவர்கள் யூரியூப்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது தவறு என்று அடித்துச் சொல்லலாம். தாளத்தை எடுங்கள். மென்பொருளின் கட்டத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு 16 கட்டம். இரண்டு ஆவர்த்தனம் சேர்ந்தால் 32, அது உங்கள் ஆதி தாளத்தின் எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நாலு மாத்திரை. மற்றவர்கள் ட்ரொப் (தாளமும் பேஸும் முழுப் பலத்தோடு வந்து விழுகிற இடம்) வருவதற்கு முன் என்ன செய்கிறார்கள்? ஸ்னேரை நெருக்கி நெருக்கி அடித்து, ஒரு ‘உஷ்ஷ்’ போட்டு, திடீரென்று விடுகிறார்கள். நீங்கள் ஒரு தீர்மானம் (ஒரு சொற்கட்டை மூன்று தரம் வாசித்துச் சமத்தில் வந்து முடிப்பது) வையுங்கள். ததிங்கிணதொம் என்பது ஐந்து மாத்திரை. அதை மூன்று தரம், இடையில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் மொத்தம் 19. 32 இல் 19 போக 13. ஆகவே பதினாலாவது கட்டத்தில் தொடங்கவேண்டும். முதலாவது 14 முதல் 18 வரை, இரண்டாவது 21 முதல் 25 வரை, மூன்றாவது 28 முதல் 32 வரை. அதற்கு அடுத்த கட்டம் சமம், அங்கே கிக்கும் பேஸும் சேர்ந்து விழட்டும். 14 இல் எடுப்பு வருவதால் கேட்கிறவன் எங்கே நிற்கிறோம் என்று ஒருகணம் தடுமாறுவான், சமத்தில் விழும்போது தலை தானாக ஆடும். இதை நான் ஒரு விளையாட்டுக் கழக இரவில் செய்து பார்த்தேன். தாளம் என்றால் என்னவென்று படித்திராத பெடியள் சரியாகச் சமத்தில்தான் குதித்தார்கள். இணுவில் பக்கத்துக் கோயில் திருவிழாத் தவிலைச் சின்னனில் இருந்து கேட்ட உடம்பு அது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் ஒலிப்பதிவுகளைத் தேடி எடுத்து, ஹெட்போனில், கையால் தாளம் போட்டுக் கேளுங்கள். வேறு நாட்டுத் தாளப் பாடம் பத்துப் பார்ப்பதைவிட அது கூடப் பலன் தரும் என்பது என் அபிப்பிராயம். மிஸ்ரசாபு போடவேண்டுமென்றால் தாளக்குறியை 7/8 ஆக மாற்றி மூன்றும் நாலுமாகப் பிரியுங்கள். திஸ்ர நடை வேண்டுமென்றால் கட்டத்தை மும்மையாக்குங்கள், ஒரு சொடுக்கு வேலை.

சுருதியில் கொஞ்சம் கவனம் வேண்டும். கீபோட்டில் சி என்பது ஒரு கட்டை, நீங்கள் பாடுகிற ஐந்து கட்டை அங்கே ஜி. மோகனமோ கல்யாணியோ கட்டையில் வாசிக்கலாம், சுரஸ்தானம் தெரிந்ததால் நீங்கள் மற்றவர்களுக்கு ஒரு வருடம் முந்தி நிற்கிறீர்கள். ஆனால் கீபோட்டின் அந்தர காந்தாரம் தம்புராவின் காந்தாரம் இல்லை. ஒரு கட்டைச் சட்ஜம் 261.6 ஹேர்ட்ஸ், தம்புராத் தந்தி உள்ளுக்குள் தருகிற காந்தாரம் அதன் ஐந்தின் கீழ் நாலு மடங்கு, 327. கீபோட் தருவது 329.6. வித்தியாசம் அற்பமாகத் தெரியும், ஆனால் தம்புராவைப் போட்டுக்கொண்டு சின்தில் காந்தாரத்தைப் பிடித்து வைத்தால் மேலே வினாடிக்குப் பத்துத் தரம் ஒரு நடுக்கம் கேட்கும். பாட்டுப் படித்த காது அதைத்தான் ‘என்னவோ சரியில்லை’ என்கிறது. சேர்ஜிலும் வைட்டலிலும் சுரங்களின் அளவை மாற்ற வசதி இருக்கிறது, தம்புராவோடு செய்கிற துண்டுகளுக்கு அதைப் பாவியுங்கள். கமகத்துக்கு, சுரத்தை மேலும் கீழும் வளைக்கிற பிற்ச் பென்ட் சக்கரம். மிடி 1983 இல் வந்தபோதே, மற்றக் குமிழ்கள் பெரும்பாலும் 128 படியில் ஓட, இந்தச் சக்கரத்துக்கு 16,384 படி வரைக்கும் இடம் விட்டார்கள். ஆகவே கருவி தடையில்லை, கைதான் பழகவேண்டும். தோடிக் காந்தாரத்தை எடுத்து முதலில் வாயால் பாடி, பிறகு அதே அசைவைச் சக்கரத்தில் தேடுங்கள். எனக்கு அது திருப்தியாக வந்தது எண்ணிச் சொல்லக்கூடிய நாட்களில்தான், அதனால் முழு ராக ஆலாபனையைச் சின்தில் செய்யலாம் என்று நான் ஆசை காட்டமாட்டேன். உங்களுக்குக் குரல் இருக்கிறதே, அதைப் பதிந்து துண்டாக்கித் தடத்தில் வையுங்கள்.

ராகமும் மெஷினும் ஒத்துவராது என்று யாராவது சொன்னால் சரண்ஜித் சிங்கின் கதையைச் சொல்லுங்கள். பம்பாயில் படப்பாட்டுகளுக்கு வாசித்த கலைஞர் அவர். ரோலண்ட் நிறுவனத்தின் டிபி 303 என்ற சின்னப் பெட்டி, தனியாகக் கிற்றார் பழகுகிறவனுக்குப் பேஸ் துணையாக இருக்கட்டும் என்று செய்யப்பட்டு, அந்த வேலைக்குச் சரிவராமல் சந்தையில் தோற்றுப்போனது. அதையும் டிஆர் 808 தாள மெஷினையும் ஒரு ஜூபிட்டர் 8 கீபோட்டையும் வைத்துக்கொண்டு 1982 இல் பத்து ராகங்களை டிஸ்கோத் தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். ஒருவரும் கவனிக்கவில்லை. சிக்காகோவில் அதே 303 ஐத் திருகி அசிட் ஹவுஸ் என்று ஒரு இசைவகை 1987 அளவில் கிளம்பியது. 2010 இல் மறுபதிப்பு வந்தபிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. சிக்காகோக்காரர் அவரிடமிருந்து எடுத்தார்கள் என்று சிலர் கதைப்பது வீண் பெருமை. ஒருவரை ஒருவர் தெரியாது. எனக்கு இதில் பிடித்தது வேறு. அவர் சுரத்தை விட்டுக்கொடுக்கவில்லை, மெஷினையும் தாழ்வாக நினைக்கவில்லை.

இப்போது ஆக்களை உண்மையில் விழுத்துகிற இடம். எட்டு ஆவர்த்தன லூப் ஒன்று செய்வீர்கள், வடிவாக இருக்கும். அதைச் சுழலவிட்டு இரவு முழுக்கக் கேட்பீர்கள், இன்னொரு ஹைஹற் போடுவீர்கள், விடியத் திரும்பக் கேட்டால் சலிக்கும், புதிதாக ஒன்று தொடங்குவீர்கள். மூன்று மாதத்தில் நாற்பது லூப் இருக்கும், ஒரு பாட்டும் இருக்காது. என்னிடம் வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் இதில்தான் நிற்கிறார்கள். அனுபல்லவி வராமல் பல்லவியையே நிரவல் பண்ணிக்கொண்டிருக்கிற கச்சேரி மாதிரி. நான் கொடுக்கிற வேலை இது: கிழமைக்கு ஒன்று, ஒன்றரை நிமிடம், நல்லதோ கூடாதோ முடித்து ஒலிக்கோப்பாக எடுத்துத் திகதி போட்டு வைக்கவேண்டும், பிறகு திறக்கக்கூடாது. உருப்படி எப்படிக் கட்டுவது என்று தெரியாவிட்டால், பிடித்த இலத்திரனியல் பாட்டு ஒன்றைத் தடத்தில் வைத்து, எந்த ஆவர்த்தனத்தில் எது உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது என்று கொப்பியில் எழுதுங்கள். அந்தச் சட்டகத்துக்குள் உங்கள் ஒலிகளை வையுங்கள். பன்னிரண்டு கிழமையில் பன்னிரண்டு துண்டு. அதில் இரண்டு கேட்கக்கூடியதாக இருந்தாலே நீங்கள் நன்றாகச் செய்கிறீர்கள்.

கலவை பற்றிக் கனக்க எழுதலாம், எழுதவில்லை. ஒவ்வொரு தடத்தையும் குறைத்தே வையுங்கள், மொத்த அளவின் உச்சி பூச்சியத்துக்கு 6 டெசிபெல் கீழே நிற்கட்டும். பூச்சியத்தைத் தாண்டினால் முறியும், பிறகு திருத்த ஏலாது. மொனிற்றர் ஸ்பீக்கருக்கு இப்போது காசு போடாதீர்கள். எங்கள் வீடுகளின் சீமெந்து நிலமும் வெறும் சுவரும் பேஸைக் குழப்பும், ஒரு மூலையில் கும்மென்று இருக்கும், கதிரையைப் பின்னுக்கு இழுத்தால் காணாமற்போகும். காதை மூடுகிற நல்ல ஹெட்போன் ஒன்றும், சரிபார்க்க ஒரு கைப்பேசியும் போதும். கைப்பேசியில் பேஸ் கேட்கவில்லை என்றால் உங்கள் பேஸில் மேல் உபசுரம் காணாது என்று அர்த்தம்.

மேடை வேறு வித்தை. இசை செய்கிற கெட்டித்தனமும் வாசிக்கிற கெட்டித்தனமும் ஒரே ஆளிடம் தானாகச் சேர்ந்து வருவதில்லை. முடித்த பாட்டை ஓடவிட்டு முன்னால் நின்று ஆடுவதை நான் வாசிப்பு என்று சொல்லமாட்டேன், வேறு ஆக்கள் வேறு மாதிரிச் சொல்லலாம். பாட்டைத் திரும்ப உடையுங்கள்: கிக், மற்றத் தாளம், பேஸ், சுரம், குரல் என்று ஐந்து ஆறு தடம், ஒவ்வொன்றிலும் நாலைந்து துண்டு. எது எப்போது வரும் என்பதை அந்த இடத்தில் நீங்கள் தீர்மானிக்கவேண்டும், ஒரு தடத்தையாவது கையால் வாசிக்கவேண்டும். நீங்கள் பாடுவதால் பாதி வேலை முடிந்தது; நாலு சுரம் பாடி, அதைப் பதிந்து, சுழலவிட்டு அதன்மேல் பாடுங்கள். சனம் எது உண்மையாக நடக்கிறது என்று கெதியாகப் பிடித்துவிடும்.

என் முதல் மேடையில் நடந்ததைச் சொல்கிறேன், பிழை முழுக்க என்னுடையது. பேஸ் அகலமாக இருக்கட்டும் என்று இடது வலது இரண்டுக்கும் எதிரெதிராக விரித்து வைத்திருந்தேன், ஹெட்போனில் அறை முழுக்க நிறைந்தது. அங்கே சவுண்ட்காரர் இரண்டு வயரையும் ஒன்றாக்கி மோனோவாகத்தான் எல்லா ஸ்பீக்கருக்கும் கொடுத்தார், எங்கள் ஊரில் அநேகமாக அப்படித்தான். இடதும் வலதும் ஒன்றையொன்று கழித்துவிட்டன. பேஸ் இல்லை. இருநூறு பேர் முன்னால் ஒரு கிக்கும் ஒரு கீச்சுக் குரலும் மட்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டையும் முடிக்குமுன் மோனோவில் கேட்கிறேன், 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே எதையும் விரிப்பதில்லை. இன்னொன்று, வீதி நெடுகக் குழாய் கட்டியிருக்கிற இடமென்றால் உங்கள் காதுக்கு வருகிற தூரக் குழாயை நம்பித் தாளம் போடாதீர்கள். 170 மீற்றர் தள்ளி இருக்கிற குழாயின் சத்தம் அரை வினாடி பிந்தி வரும். நிமிடத்துக்கு 120 பீற் வேகத்தில் அது சரியாக ஒரு பீற். நல்லூர்த் திருவிழாவில் வீதியில் நடந்து பார்த்தவர்களுக்கு அந்த எதிரொலி தெரியும். ஹெட்போனில் மட்டும் கேட்டு வாசியுங்கள்.

கரண்டும் வெயிலும் எங்கள் பாடத்தில் இல்லாத பாடம். ஜெனரேற்றரில் ஓடுகிற மேடையில் சார்ஜர் குத்தினால் சிலவேளை ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் வரும். 50 ஹேர்ட்ஸ், ஜி சுரத்துக்குக் கொஞ்சம் மேலே, உங்கள் ஐந்து கட்டைச் சுருதியோடு சண்டை பிடிக்கும். சார்ஜரைக் கழற்றிப் பற்றரியில் ஓடுங்கள், இரைச்சல் நின்றால் காரணம் எர்த்துத்தான். லப்டொப்புக்கும் மிக்சருக்கும் இடையில் வைத்து அந்த இரைச்சலைத் தடுக்கிற டிஐ பெட்டி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது, சவுண்ட்காரரிடம் முதல்நாளே கேளுங்கள். சித்திரை வெயிலில் திறந்த மேடையில் லப்டொப் சூடேறினால் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும், சத்தம் வெடிக்கும். அன்றைக்கு வாளியை 512 ஆக வைத்து, தடங்களை ஒலிக்கோப்பாக்கிக் கொண்டுபோங்கள். காதையும் பாருங்கள்: 85 டெசிபெலில் எட்டு மணித்தியாலம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது பாதுகாப்புக் கணக்கு. 94 இல் ஒரு மணித்தியாலம்தான். பஞ்சு வைப்பதில் வெட்கம் இல்லை.

இதுவரை சொன்னதில் கணக்கெல்லாம் உறுதி, நீங்களே போட்டுப் பார்க்கலாம். இனிச் சொல்வது ஊகம். எத்தனை மாதம்? கிழமைக்குப் பத்து மணித்தியாலம் இருந்தால் ஆறு மாதத்தில் வெட்கப்படாமல் ஒருவருக்குக் கேட்கக் கொடுக்கலாம் என்று என் அறைக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிறேன், அவர்கள் கொஞ்சப்பேர்தான். தொழிலாகுமா? இலத்திரனியல் இசை மட்டும் வாசித்து யாழ்ப்பாணத்தில் சீவிக்கிற ஒருவரை நான் கண்டதில்லை. ஒலிப்பதிவு, குறும்படம், விளம்பரம், கலியாண வீடியோவுக்கு இசை என்று சேர்த்துச் செய்து வீட்டுக்குக் காசு கொடுக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். அம்மாவிடம் அதை அப்படியே சொல்லுங்கள், கம்பஸை விடுகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைப் பக்கம் இசை படிக்க இடம் கிடைத்தால் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம், மிருதங்கம் வாசிக்கிற கூட்டாளிகளும் கிடைப்பார்கள். சொல்லித்தர ஆள் இல்லை என்றீர்கள். கிழமைக்கு ஒருதரம் ஒருவர் செய்ததை மற்றவர் கேட்டு ஏசுகிற இரண்டு கூட்டாளிகள் போதும், நான் அப்படித்தான் பழகினேன்.

படப்பாட்டைத் துண்டாக்கிப் போடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லாரும் அங்கே போவார்கள். ஏழு வினாடிக்குக் குறைவென்றால் பிரச்சினை இல்லை என்று ஒரு கதை உலாவுகிறது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தில் அப்படி ஒரு வினாடிக் கணக்கு இல்லை, யூரியூப்பின் தானியங்கிப் பொறியும் வினாடி பார்த்து இரங்காது. சொந்தமாகப் பதியுங்கள்: கிணற்றுக் கப்பி, பனையோலைச் சரசரப்பு, அம்மியில் அரைக்கிற சத்தம். கைப்பேசியில் பதிந்தாலே போதும், அம்மிச் சத்தத்தை நாலு சுரம் இறக்கி ஹைஹற்றுக்குப் பதிலாக வைத்துப் பாருங்கள்.

முதல் மேடை கேட்டு வந்தால் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தையும் முழுதாக ஓடுகிற ஒரு கோப்பாக எடுத்துக் கைப்பேசியில் வைத்திருங்கள், லப்டொப் நின்றுபோனால் சவுண்ட்காரர் அதைப் போடுவார், நீங்கள் மேலே பாடிக்கொண்டு போகலாம். சின்ன முனையிலிருந்து பெரிய முனைக்கு மாற்றுகிற வயர் இரண்டு எடுத்துப் போங்கள். ஒன்று எப்படியும் பழுதாகும்.